மாசத்துக்கு இரண்டு தூரம்

பவுனம்மாளுக்கு உலகத்தில் மிகவும் பிடித்த காரியம் தூக்கம். பெண்பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை, அவள் வீட்டாரும் சொல்லவில்லை. மீன் ஆயத் தெரியுமா, கூடை தூக்கத் தெரியுமா, வாய் அடக்கம் உண்டா என்று மூன்றே கேள்விதான் கேட்டார்கள். தெரியும், தெரியும், உண்டு என்று பதில் வந்தது. மூன்றாவது பதில் பொய்.

1948 ஆவணியில், பதினெட்டு வயதில், திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு குப்பத்துக்கு அவள் மருமகளாக வந்தாள். புருஷன் ரகுபதி சரக்குக் கப்பலில் கலாசி. ரங்கூன், பினாங்கு என்று போய்விட்டு வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். மிச்ச நாளெல்லாம் வீட்டில் இரண்டே பேர்: பவுனம்மாள், அவள் மாமியார் மங்கம்மா.

மங்கம்மா இருபத்தைந்து வயதில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மீன் கூடையைத் தலையில் ஏற்றியவள். இருபது வருஷமாக அதை இறக்கவில்லை. மருமகள் வந்ததும் கூடை இரண்டானது. விடியுமுன் எழுந்து, கட்டுமரங்கள் கரையேறும் இடத்தில் ஏலத்தில் நின்று, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் மாமியார் ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கமாகக் கூவிக்கொண்டு போக வேண்டும். வெயில் உச்சிக்கு வரும்போது திரும்பி, உலை வைத்து, விற்காத மீனைக் கீறி உப்புத் தடவி மணலில் பரப்பி, காக்காய் ஓட்டி, குழாயடியில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து... இப்படியே அடுத்த விடியல் வந்துவிடும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி தூரமாவதுதான். தீட்டுக்காரி மீனைத் தொட்டால் கடல் கோபித்துக்கொள்ளும், வலையில் ஒன்றும் விழாது என்பது குப்பத்துச் சட்டம். கடலிடம் யார் கேட்டுச் சொன்னார்களோ தெரியாது. வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், ஓலை சாய்த்த ஒரு மறைப்பு இருந்தது. மூன்று நாள் அங்கே பாயைப் போட்டு உட்கார வேண்டும். எதையும் தொடக்கூடாது. தட்டில் சோறு தூரத்திலிருந்து தள்ளப்படும். பவுனம்மாளின் தாய் வீட்டில் அக்காமார்கள் இதைச் சிறை என்று அழுதிருக்கிறார்கள். பவுனம்மாளுக்கு முதல் தடவை அங்கே படுத்தபோது, இவ்வளவு நல்ல இடத்தை ஏன் மாசத்தில் மூன்று நாளோடு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

வேலிக்கு அந்தப் பக்கம் சிலுவையம்மாள் வீடு. ராயபுரம் மாதா கோயில் பக்கம் பிறந்து வளர்ந்தவள், பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. தினமும் பத்துப் பிள்ளைகள் பிறப்பதைப் பார்க்கிறவளுக்கு ரத்தம் ஒரு பெரிய சமாசாரமில்லை. வேலை முடிந்து வந்ததும் வேலியோரம் குந்தி, பவுனம்மாளோடு சோழி உருட்டுவாள். தொட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளாதா என்று பவுனம்மாள் ஒரு தடவை கேட்டதற்கு, ஒட்டிக்கொள்வதாக இருந்தால் நான் என்றைக்கோ ஆளே சிவப்பாகியிருப்பேன் என்றாள்.

கல்யாணமான ஏழாவது மாதம் பவுனம்மாளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நாள் கணக்குப்படி தூரமாக இன்னும் பத்து நாள் இருந்தது. காலையில் கூடை எடுக்கப் போனவள், அப்படியே நின்று, தூரமாகிவிட்டேன் அத்தே என்றாள். மங்கம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் யாரும் சோதித்துப் பார்க்கிற விஷயமும் இல்லை. பத்து நாள் கழித்து நிஜமாகவே வந்தபோது மறுபடி மூன்று நாள். அந்த மாதம் மொத்தம் ஆறு நாள் தூங்கினாள். அடுத்த மாதமும் அதே கணக்கு. பிறகு அதுவே வழக்கமாயிற்று.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மருமகளுக்கு மாசத்துக்கு இரண்டு தரம் போகிறதே, ரத்தமெல்லாம் வற்றிவிடாதா, இந்த உடம்பில் பேரப்பிள்ளை எங்கே தங்கும் என்று மங்கம்மாவுக்குக் கவலை வந்தது. இரண்டு கூடை மீனையும் தானே சுமக்க வேண்டியிருக்கிற கவலையும் கூடவே வந்தது. பவுனம்மாளை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த கருணாகரன் வைத்தியரிடம் போனாள்.

கருணாகரன் வைத்தியர் மலையாள தேசத்தில் ஆறு வருஷம் ஆயுர்வேதம் படித்ததாகச் சொல்லிக்கொண்டார். ஆறு மாதம் எண்ணெய் காய்ச்சினார் என்று சொன்னவர்களும் உண்டு. நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார். கீழே போக வேண்டிய அபான வாயு வழி தவறி அலைகிறது என்றார். பெண் உடம்பு நிலாவைப் பார்த்து நடக்க வேண்டியது, இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தரம், அமாவாசையை ஒட்டி வந்தால் உத்தமம், பௌர்ணமியை ஒட்டிக் கரு தங்கும் என்று விளக்கினார். மங்கம்மாவுக்கு அலைநீர் நிலாவைப் பார்த்து ஏறி இறங்குவது தெரியும். அதனால் இது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

அசோகப் பட்டைக் கஷாயம் காலையும் மாலையும். சோற்றுக்கற்றாழை லேகியம் நெல்லிக்காய் அளவு. நாள் நெருங்கும்போது எள்ளும் கருஞ்சீரகமும் வெல்லமும் இடித்து உருண்டை. புளி ஆகாது, கருவாடு ஆகவே ஆகாது. கருவாடு காயப்போடுகிற வீட்டில் கருவாடு தின்னாமல் எதைத் தின்பது என்று மங்கம்மா கேட்டதற்கு, நெய் சேர்க்கலாம் என்றார்.

எள்ளுருண்டையைப் பவுனம்மாள் சந்தோஷமாகத் தின்றாள். கஷாயத்தை ஒரு மிடறு குடித்தாள். இரண்டாவது மிடறிலிருந்து முருங்கை மரம் குடித்தது. ஆனால் மாமியார் விட மாட்டாள், குணமாகும்வரை காய்ச்சிக்கொண்டே இருப்பாள் என்று தெரிந்ததும் யோசித்தாள். சீக்கிரம் குணமாகிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தாள்.

அடுத்த மாதம் ஒரே தரம்தான் தூரமானாள். வைத்தியர் அட்டையில் கட்டம் போட்டு அந்தத் தேதியைக் குறித்தார். சரியாக இருபத்தெட்டாவது நாள் மறுபடி. அதற்கடுத்து மறுபடி இருபத்தெட்டு. நிஜத்தில் அவள் உடம்பு நிலாவையும் மதிக்கவில்லை, வைத்தியரையும் மதிக்கவில்லை. முப்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம், நாற்பது நாளுக்கு ஒரு தரம் என்று இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. நிஜமாக வந்த நாட்களில் அவள் வாயைத் திறக்காமல் துணி மாற்றிக்கொண்டு கூடை தூக்கினாள், ஏலத்தில் நின்றாள், வலையில் சிக்கிய மீனைப் பிரித்தும் கொடுத்தாள். அட்டையில் குறித்த நாட்களில் மறைப்பில் போய்ப் படுத்தாள். கடல் இந்தக் குழப்பத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வைத்தியருக்கு இதனால் பெரிய பேர் வந்தது. பவுனம்மாளின் அட்டையைக் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டினார். கடிகாரம் தப்பினாலும் இந்தப் பெண் தப்ப மாட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். தண்டையார்பேட்டை, எண்ணூர் எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போட வேண்டும் என்பார்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் வந்து தொலைத்துவிட வேண்டும் என்பார்கள். முன்னால் வர எள்ளும் வெல்லமும், தள்ளிப்போக வெறும் வயிற்றில் பொட்டுக்கடலையும் எலுமிச்சம்பழச் சாறும். பாதிப் பேருக்குப் பலித்தது. பலிக்காத பாதிப் பேர் பத்தியம் தப்பியவர்கள் என்று வைத்தியர் சொன்னார். சந்தேகப்பட்டவர்களைக் குப்பத்துக்குப் போய்ப் பவுனம்மாளையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

கேட்டவர்களிடம் அவள் முகம் மாறாமல் ஆமாம் என்றாள். வேறென்ன சொல்ல முடியும். ஒரே ஒரு தடவைதான் அது அவளுக்குச் சுட்டது. எண்ணூரிலிருந்து குணசுந்தரி என்று ஒருத்தி வந்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்காக ஏழு நாள் பொட்டுக்கடலை தின்று, தாலி கட்டுகிற அன்றைக்கே தூரமாகி, மாடு கட்டுகிற இடத்தில் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டவள். அவள் வைத்தியரைத் திட்டவில்லை. நான் இன்னா தப்பு பண்ணேன், நீ வெந்நீர்ல சாப்டியா, பச்சத் தண்ணியா என்று கேட்டாள். வெந்நீர் என்று பவுனம்மாள் சொன்னாள். அந்த மாதம் மறைப்பில் மூன்று நாளும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

1951 தை மாதம் ரகுபதி வந்தான். மாசி இருபதாம் தேதி கப்பலேறினான். பங்குனியில் பவுனம்மாளுக்கு நிஜ தூரம் வரவில்லை. நாற்பது நாள், ஐம்பது நாள் ஆனது. காலையில் மீன் வாடை குமட்டியது. என்ன என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அந்தக் குப்பத்தில் பிள்ளைத்தாச்சிகள் வலி எடுக்கும்வரை கூடை சுமந்தவர்கள். தூரமும் இருக்காது, ஓய்வும் இருக்காது. எப்போதையும்விடத் தூக்கம் வந்த நேரத்தில் ஒன்பது மாதத்துக்கு மறைப்பே இல்லையென்றால் எப்படி? இந்த ஒரு தரம் படுத்துவிட்டு அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அட்டைப்படி பங்குனியில் படுத்தாள். சித்திரையிலும் அதையே நினைத்துப் படுத்தாள். வைகாசி, ஆனி. வைத்தியர் மாதாமாதம் கண்ணாடியைக் கழற்றி நான்கு கட்டங்களிலும் சிவப்பு மையில் பூ மாதிரி வட்டம் போட்டார்.

ஆனிக் கடைசியில் குழாயடியில் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது மங்கம்மா பார்த்துவிட்டாள். உடனே சிலுவையம்மாளைக் கூப்பிட்டாள். சிலுவையம்மாள் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, நாலு மாசம் முடிஞ்சி அஞ்சு நடக்குது என்றாள். சொன்ன பிறகுதான் மங்கம்மா விரல் மடக்கி எண்ணுவதைக் கவனித்தாள்.

மகன் போனது மாசியில். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, நாலு மாதமும் மருமகள் தூரமாகியிருக்கிறாள். அது தெருவுக்கே தெரியும், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அப்படியானால் இந்தப் பிள்ளை எப்படி மாசியில் தங்கியிருக்க முடியும்? தங்கவில்லை என்றால் இது யாருடையது?

பவுனம்மாளுக்கும் அப்போதுதான் அந்தக் கணக்கு உறைத்தது. பொய் சொன்னால் அகப்பட்டுக்கொள்வோம் என்று பயந்திருக்கிறாள். இப்படி ஒரு இடத்தில் போய் நிற்போம் என்று நினைத்ததே இல்லை. மங்கம்மா அடிக்கவில்லை, கத்தவுமில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரைக்கும் வெயிலில் நடத்திக்கொண்டே போனாள்.

வைத்தியர் கடையில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மங்கம்மா சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, மருமகள் வயிற்றைக் காட்டி, ரெண்டுல எது பொய்யி, சொல்லுங்க என்றாள்.

வைத்தியர் நாடி பார்த்தார். அவர் முகம் வெளிறுவதைப் பவுனம்மாள் பார்த்தாள். ஆனால் அவர் சாமர்த்தியசாலி. கொஞ்ச நேரத்திலேயே சமாளித்துக்கொண்டு, இரண்டும் பொய்யில்லை என்றார். கரு தங்கிய பிறகும் சில மாதம் உதிரம் போவது உண்டு, ஆயிரத்தில் ஒருத்திக்கு, சாஸ்திரத்தில் சுலோகமே இருக்கிறது. பிள்ளை மகனுடையதுதான், சந்தேகம் வேண்டாம் என்றார்.

பவுனம்மாளுக்கு மூச்சு வந்தது. தலையை ஆட்டினால் போதும். மானமும் தப்பியது, மறைப்பும் தப்பியது, வைத்தியர் பேரும் தப்பியது. அந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலையில் விழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். இப்படி ரத்தம் சிந்தித் தங்கிய பிள்ளை முழுசாகப் பிறக்காது, புத்தியிலோ கை காலிலோ ஒரு குறை இருக்கும், அதற்கு இப்போதிருந்தே மருந்து சாப்பிட வேண்டும் என்றார்.

காத்திருந்த இரண்டு பெண்களும் அவள் வயிற்றையே பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பவுனம்மாளால் தாங்க முடியவில்லை. தனக்கு என்ன பேர் வந்தாலும் சரி, பிறக்கும் முன்னாலேயே பிள்ளைக்கு ஒரு பேர் வைக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

"கொறையெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றாள். "அத்தே, எனக்கு மாசியிலருந்து தூரமே ஆவல. சும்மா குந்திகினு இருந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். தூங்கிகினு இருந்தேன்."

மங்கம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. அதற்கு முந்தின வருஷம் என்று கேட்டாள். அட்டையில் இருக்கிறதெல்லாம் சும்மா, நிஜமாக வந்த நாளில் கூடை தூக்கினேன் என்றாள் பவுனம்மாள். அதற்கும் முன்னால், மாசத்துக்கு இரண்டு தரம் ஆனதே என்றாள். அதில் ஒன்று நிஜம், ஒன்று சும்மா என்றாள்.

"அப்போ என் கஷாயம்?" என்று வைத்தியர் கேட்டார். பாவம், அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

"முருங்க மரத்துக்கு ஊத்திட்டேன், சாமி."

காத்திருந்தவர்களில் ஒருத்தி, மரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நன்றாகத்தான் காய்க்கிறது என்று பவுனம்மாள் உள்ளதைச் சொன்னாள். இரண்டு பெண்களும் எழுந்து போய்விட்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மங்கம்மா முன்னால் நடந்தாள். சந்தேகம் போய்விட்டது, அதில் அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். மானம் தப்பிய பிறகும் ஒருத்தி தன்னைச் சோம்பேறி என்று ஒப்புக்கொள்கிறாள் என்றால் அது நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் இரண்டரை வருஷத்து மீன் கூடைகள் கனத்தன. மழையில், காய்ச்சலில், முழங்கால் வீங்கிய நாளில் இரண்டு கூடையையும் அவள் சுமந்தபோது இவள் பின்னால் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போய் மறைப்பின் ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து அடுப்படியில் போட்டாள்.

"இனிமே இந்த வூட்ல யாருக்கும் தூரம் கெடையாது" என்றாள். "நெசமா வந்தாலும் கெடையாது."

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் முழுசாக இருந்தன, குரல் மங்கம்மாவைக் கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் என்று பேர் வைத்தார்கள். தையில் ரகுபதி வந்து இறங்கினான். துறைமுகத்து வாசலிலிருந்து வீடு வருவதற்குள் எட்டுப் பேர் அவனுக்கு முழுக்கதையையும் சொல்லிவிட்டார்கள். அவன் கோபப்படுகிற ஆள் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் பெண்டாட்டியிடம் மெதுவாக, நான் வூட்ல இருந்தப்போ தூரம் தூரம்னு சொன்னியே, அதுவும் சும்மாதானா என்று கேட்டான். குழந்தைக்குப் பசிக்கிறது என்று அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாசியில் அவளுக்கு மறுபடி நிஜமாகவே வந்தபோது மங்கம்மா சொன்னபடியே செய்தாள். கூடையைத் தலையில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்பினாள். விஷயம் கசிந்து, குப்பத்துத் தலைவரான நாட்டார் மங்கம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். தீட்டுக்காரியை மீன் தொட விட்டால் தொழில் என்ன ஆவது என்று நாலு பெரிய மனிதர்கள் கேட்டார்கள். மங்கம்மா அலட்டிக்கொள்ளவில்லை. என் மருமகள் ஒரு வருஷம் நெசமா தூரமான நாளெல்லாம் உங்க வலையத் தொட்டிருக்கா, சுத்தமா இருந்த நாளெல்லாம் ஒதுங்கிப் படுத்திருக்கா, அந்த ஒரு வருஷத்துல மீன் கொறஞ்சிதா சொல்லுங்க என்றாள். அந்த வருஷம் வஞ்சிரம் அப்படி விழுந்திருந்தது. நாட்டார் மீசையைத் தடவினார். வேறு விஷயம் இருக்கிறதா என்று கேட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு கறுப்புச் சட்டைக்காரர் சைக்கிளில் வந்தார். மூடநம்பிக்கையை உடைத்த வீரத்தாய் என்று மங்கம்மாவுக்குத் தெருக்கூட்டத்தில் துண்டு போர்த்த விரும்புவதாகச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், இவள் தூங்குகிறாள், அதனால்தான் என்று மங்கம்மா சொன்னாள். அவருக்கு அது புரியவில்லை. துண்டை வைத்துவிட்டுப் போனார். மங்கம்மா அதைச் சும்மாட்டுக்கு வைத்துக்கொண்டாள்.

மற்ற மாமியார்களுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் மறைப்பு காணாமல் போயிற்று. மருமகள்கள் பவுனம்மாளைக் குழாயடியில் சபித்தார்கள். குணசுந்தரி இரண்டு வருஷம் அவளோடு பேசவே இல்லை. பவுனம்மாள் எண்ணூருக்கு மூன்று தடவை போய் வாசலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவை ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்தது. கருணாகரன் வைத்தியர் கண்ணாடிச் சட்டத்திலிருந்து அட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்புக்குக் கீழே முடி தொங்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டார். கூந்தல் தைலம் நன்றாகவே போனதாகச் சொல்கிறார்கள்.

பவுனம்மாளும் மாசம் முப்பது நாளும் கூடை சுமந்தாள். ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருந்த மாமியாரிடம், தான் சிலுவையம்மாளைப் போல வேதத்தில் சேர்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். சிலுவையம்மாள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லையாம், சாமியே அன்றைக்கு ஓய்வெடுத்ததாம். அந்தச் சாமி தனக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது என்றாள்.

மங்கம்மா வேலியோரம் போய், ஞாயித்துக்கெழம மீன் வித்தா உங்க கோயில்ல ஒத்துக்க மாட்டாங்களா என்று விசாரித்தாள். சிலுவையம்மாளின் சொந்த நாத்தனார் முதல் பூசை முடிந்த கையோடு கோயில் மதிலோரம் இறால் விற்கிறவள். சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, கூடவே கூடாது என்றாள்.

மங்கம்மா இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிறு வியாபாரம் விட முடியாது. வெள்ளிக்கிழமை வேதக்காரர்கள் கறி தின்னாமல் மீன் வாங்குகிற நாள். சனிக்கிழமைதான் வண்ணாரப்பேட்டையில் பெருமாள் பேரைச் சொல்லிப் பாதி வீடு கதவைத் திறக்காது. சனிக்கிழமை படுத்துக்கோ, ஆனா யாருக்கும் காரணம் சொல்லாதே என்றாள். வாரத்துக்கு ஒன்று என்றால் மாசத்துக்கு நாலு நாள் ஆகிறது என்று பவுனம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, வாயைத் திறக்காமல் சரி என்று தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவள் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நடு வீட்டிலேயே காலை நீட்டித் தூங்கினாள். மங்கம்மா ஒற்றைக் கூடையோடு போவாள். மருமகள் எங்கே, உடம்பு சரியில்லையா என்று தெருவில் யாராவது கேட்டால், துறைமுகத்துக்காரர்கள் சொல்லிக் கேட்ட வார்த்தையைக் கொஞ்சம் மிடுக்காகவே சொல்வாள்: "அவளுக்கு இன்னிக்கி லீவு."